பழைய வண்டியின் கியர் பெட்டியைக் காப்போம்

(ஜொகூர் தோட்டத்து டிரைவர்கள், பட்டறைத் தொழிலாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, மருத்துவம் என்று பேசுகிற மேடையில் கியர் பெட்டிக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது. விடியற்காலை இருட்டில், மழையில் நனைந்த செம்மண் பாதையில், ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு பழைய வண்டி இறக்கத்தில் வருகிறது. அந்த வண்டியைப் பிடித்து நிறுத்துபவை இரண்டுதான்: ஒன்று பிரேக், மற்றொன்று கியர். கியர் நழுவினால் பிரேக் தனியாக நின்று போராட வேண்டும். பிரேக்கும் சூடேறிக் கைவிட்டால், பின்னால் இருப்பவர்களுக்கு யார் பொறுப்பு? அதனால்தான் சொல்கிறோம்: கியர் பெட்டியின் நலம் ஆட்களின் உயிரோடு சேர்ந்த விஷயம். பட்டறைக்காரர்களாகிய நாங்கள் கண்டு தெரிந்துகொண்டதை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

நம் தோட்டங்களுக்கு வந்த வண்டிகள்

1948-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் ரோவர் கம்பெனி லேண்ட் ரோவரை முதன்முதலாகக் காட்டியது. அதே ஆண்டு மலாயாவில் அவசர காலம் தொடங்கியது. அது 1960 வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் காவல் படைக்கும் தோட்டத் துரைமாருக்கும் இந்த வண்டி பழக்கமாகிவிட்டது. 1958-இல் சீரீஸ் 2, 1961-இல் சீரீஸ் 2ஏ, 1971-இல் சீரீஸ் 3 என்று அடுத்தடுத்து வந்தன. சீரீஸ் 3 1985 வரை உற்பத்தியானது. இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட சாம்பல் நிற பெர்குசன் டிராக்டர் 5 லட்சத்துக்கும் மேல் உலகெங்கும் போயிற்று. அதன் வழிவந்ததே மாஸி பெர்குசன் 35.

குளுவாங், சிகாமட், லாபிஸ், கூலாய், கோத்தா திங்கி வட்டாரங்களில் கித்தா மரங்கள் நின்ற இடத்தில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. பல தோட்டங்கள் கைமாறின. பல லயங்கள் காலியாயின. பிள்ளைகள் பட்டணத்துக்குப் போனார்கள். ஆனால் அந்தக் காலத்து வண்டிகள் முற்றாக மறைந்துவிடவில்லை. சிறு தோட்டக்காரர்களிடமும், பழைய பட்டறைகளிலும், ஆசைக்கு வாங்கி வைத்திருப்பவர்களிடமும் இன்னும் இருக்கின்றன. வண்டி இருக்கிறது, அதன் குணம் தெரிந்த கைகள்தாம் குறைந்துவருகின்றன. அந்தக் குணத்தைத்தான் இன்று பேசப் போகிறோம். லேண்ட் ரோவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். மற்ற வண்டிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எண்ணெய்தான் சோறு

கியர் பெட்டி ஆண்டுக் கணக்கில் முதுமை அடைந்து சாவது அபூர்வம். எண்ணெய் இல்லாமலும், தவறான எண்ணெயாலும், தண்ணீர் கலந்த எண்ணெயாலும்தான் அது சாகிறது. நம் டிரைவர்கள் 'மிஞ்ஞாக் ஹீத்தாம்' என்று சொல்லும் எஞ்சின் எண்ணெய் வேறு, கியர் எண்ணெய் வேறு. சீரீஸ் வண்டியின் கியர் பெட்டிக்கு உரியது 90 எண் கியர் எண்ணெய். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. டப்பாவின் மேல் ஜி.எல். 4 என்றும் ஜி.எல். 5 என்றும் போட்டிருப்பார்கள். எண் பெரிதாக இருப்பதால் 5 தான் மேல் என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். பழைய பெட்டிகளுக்குள் வெண்கலப் புஷ்களும் வளையங்களும் இருக்கின்றன. ஜி.எல். 5 எண்ணெயில் அதிகமாகச் சேர்க்கப்படும் கந்தக மருந்து, சூட்டில் அந்த வெண்கலத்தை அரிக்கக் கூடியது. ஆகவே கியர் பெட்டிக்கு ஜி.எல். 4 வாங்குவதே நல்லது.

அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். நாலு சிலிண்டர் சீரீஸ் 2ஏ வண்டியில் முக்கிய கியர் பெட்டிக்கு 1.5 லிட்டர், அதற்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்பர் பெட்டிக்கு 2.5 லிட்டர், ரோவர் ஆக்ஸில் ஒவ்வொன்றின் டிப்ரன்ஷியலுக்கும் 1.75 லிட்டர், முன் சக்கரத்துத் திருப்பு உருண்டை ஒவ்வொன்றுக்கும் அரை லிட்டர். கூட்டிப் பாருங்கள்: 8.5 லிட்டர். ஒரு வண்டியின் ஓட்டம் முழுவதும் இந்த எட்டரை லிட்டரில் அடங்கியிருக்கிறது. இதில் மிச்சம் பிடிக்கிறவன், பிறகு பேரிங்குக்கும் பல் சக்கரத்துக்கும் பல மடங்கு கொட்டுவான்.

முக்கிய பெட்டிக்கும் டிரான்ஸ்பர் பெட்டிக்கும் எண்ணெய் தனித்தனி. இரண்டுக்கும் நடுவில் உள்ள சீல் தேய்ந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எண்ணெய் மெல்லப் போய்விடும். தரையில் ஒரு சொட்டும் விழாது. முன் பெட்டி காய்ந்து கிடக்கும். பின் பெட்டி நிரம்பி வழியும். வெளியே ஒழுகவில்லை என்பதால் உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. மட்ட ஆணியைத் திறந்து பார்த்தவனுக்கே உண்மை தெரியும்.

எண்ணெய் மாற்றும்போது ஒரு ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். முதலில் எண்ணெய் ஊற்றும் ஆணியைத் திறந்து பாருங்கள். அது திறந்த பிறகே அடி ஆணியைத் திறவுங்கள். அவசரப்பட்டு எண்ணெயை வடித்துவிட்டு, மேல் ஆணி துருப்பிடித்து அசையாமல் நின்றால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். எண்ணெயைச் சூடாக இருக்கும்போதே வடியுங்கள். அழுக்கும் சேர்ந்து வரும். வடித்ததை விரலில் தேய்த்துப் பாருங்கள். மை போன்ற நுண்ணிய சாம்பல் குழம்பு இருந்தால் அது இயல்பான தேய்மானம். தங்கப் பொடி போல மின்னினால் வெண்கலம் தேய்கிறது. கூரிய இரும்புச் சில்லு கையில் குத்தினால், உள்ளே ஏதோ உடைந்துவிட்டது. அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

வெள்ளத்துக்குப் பின்

ஜொகூர்க்காரர்களுக்கு வெள்ளத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் சிகாமட்டும் கோத்தா திங்கியும் இரண்டு முறை மூழ்கின. இம்மாநிலத்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2023 மார்ச்சில் மறுபடியும் வெள்ளம்; பத்து பகாட் வட்டாரத்தில் வாரக் கணக்கில் நீர் வடியவில்லை.

ஓடிச் சூடேறிய கியர் பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மூச்சுக் குழல் வழியாகவும் பழைய சீல்கள் வழியாகவும் பெட்டி நீரை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெயும் நீரும் கலந்தால் தே தாரிக் நிறத்தில் நுரை நுரையாக வரும். அந்தக் கலவை பேரிங்கைக் காக்காது, துருவை வளர்க்கும். ஆகவே வெள்ளத்தில் நின்ற வண்டியை 'ஸ்டார்ட் ஆகிறதா' என்று முடுக்கிப் பார்ப்பதற்கு முன்னால், கியர் பெட்டி, டிரான்ஸ்பர் பெட்டி, இரண்டு ஆக்ஸில், திருப்பு உருண்டைகள் எல்லாவற்றின் எண்ணெயையும் வடித்துப் பாருங்கள். புது எண்ணெய் ஊற்றிச் சிறிது தூரம் மெல்ல ஓட்டியபின், அதையும் ஒரு முறை வடித்து மாற்றினால் மிஞ்சிய ஈரமும் போய்விடும்.

இன்னொன்று. லேண்ட் ரோவரின் கிளட்ச் இருக்கும் கூட்டின் அடியில் ஒரு துளை உண்டு. ஆற்றைக் கடக்கும்போது அதில் ஓர் ஆணியைப் பூட்டுவார்கள். கடந்து முடிந்ததும் அந்த ஆணியைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் விட்டால், எஞ்சினிலிருந்தோ கியர் பெட்டியிலிருந்தோ கசியும் எண்ணெய் வெளியே போக வழியின்றித் தேங்கி, கிளட்ச் தகட்டை நனைத்துவிடும். அப்புறம் ஏற்றத்தில் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. துளை திறந்திருந்தால், சொட்டுகிற எண்ணெயே நமக்குச் செய்தி சொல்லும். கறுத்து நீர்த்திருந்தால் எஞ்சின் சீலைச் சந்தேகியுங்கள். கெட்டியாகக் கந்தக நாற்றம் அடித்தால் கியர் பெட்டியின் முன் சீலைச் சந்தேகியுங்கள்.

சத்தமே சாட்சி

நல்ல டாக்டர் நாடி பிடிப்பதுபோல, நல்ல டிரைவர் சத்தத்தைப் பிடிப்பான். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓட விட்டுக் கேளுங்கள். கிளட்ச் மிதியை விட்டிருக்கும்போது உறுமி, மிதித்ததும் நின்றால், பெட்டிக்குள் இருக்கும் பேரிங் தேய்ந்திருக்கிறது. மிதித்ததும் கீச்சிட்டு, விட்டதும் நின்றால், அது கிளட்சைத் தள்ளும் பேரிங். முதல், இரண்டாம், மூன்றாம் கியர்களில் உறுமி, நான்காம் கியரில் அமைதியானால், குற்றவாளி கீழே ஓடும் லே ஷாப்ட்டின் பேரிங். ஏனென்றால் நான்காம் கியரில் விசை நேராகப் போகிறது. லே ஷாப்ட் பாரம் சுமப்பதில்லை. எல்லாக் கியர்களிலும் ஒரே மாதிரி ஊளையிட்டால் டிரான்ஸ்பர் பெட்டியையும் டிப்ரன்ஷியலையும் பாருங்கள். கிளம்பும்போது 'டொக்' என்று ஓர் அடி விழுந்தால், புரோபெல்லர் ஷாப்ட்டின் மூட்டுகளைக் கையால் அசைத்துப் பாருங்கள்.

பின்னால் ஏறிப் போகிறவர்களுக்கும் காது இருக்கிறது. "அண்ணே, நேற்று இல்லாத சத்தம் இன்று கேட்கிறதே" என்று சொல்லுங்கள். டிரைவர் அதைக் கேட்டுக் கோபப்படக் கூடாது.

மலிவானதை முதலில் பாருங்கள்

கியர் விழும்போது 'கர்ர்' என்றால் உடனே பெட்டியை இறக்கிவிடாதீர்கள். கிளட்ச் முழுதாக விடுபடாவிட்டாலும் அப்படித்தான் கத்தும். கிளட்ச் எண்ணெய்க் குப்பியில் மட்டம் இருக்கிறதா, மேல் சிலிண்டரும் கீழ் சிலிண்டரும் ஒழுகுகின்றனவா, குழாயில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். அதில் பிரேக் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். எஞ்சின் எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தாலும் உள்ளிருக்கும் ரப்பர் கிண்ணங்கள் ஊதிக் கெட்டுவிடும்.

ரப்பர் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எஞ்சினையும் கியர் பெட்டியையும் தாங்கி நிற்பவை ரப்பர்த் திண்டுகள். இயற்கை ரப்பரின் வலிமை நமக்குத் தெரியும். அதன் பலவீனமும் தெரிந்திருக்க வேண்டும். கனிம எண்ணெய் பட்டால் அது ஊறி உப்பி இளகிவிடும். எண்ணெய் ஒழுகும் வண்டியில் முதலில் கெடுவது இந்தத் திண்டு. திண்டு கெட்டால் பெட்டி ஆடும். பெட்டி ஆடினால் கியர் தானாக வெளியே வரும். பெட்டியில் குறையே இருக்காது. கியர் கழன்று வருவதற்கு இன்னொரு காரணம், கியர்த் தண்டைப் பிடிக்கும் சிறிய குண்டும் ஸ்பிரிங்கும் தளர்ந்துபோவது. சீரீஸ் வண்டியில், தரைத் தகட்டைத் தூக்கினால் போதும், பெட்டியை இறக்காமலே இந்த ஸ்பிரிங்கை மாற்றலாம். இவற்றை எல்லாம் பார்த்த பிறகும் குறை தீராவிட்டால் அப்போது பெட்டியைத் திறப்போம்.

திறக்க நேர்ந்தால்

லேண்ட் ரோவரின் கியர் பெட்டி, இருக்கைச் சட்டத்தையும் தரைத் தகட்டையும் கழற்றிய பின் மேலே தூக்கி எடுக்கப்படுவது. சங்கிலிக் கப்பி இல்லாமல், ஆள் பலத்தை நம்பி அதில் கை வைக்காதீர்கள். பெட்டியின் எண்ணையும் அதன் கடைசியில் இருக்கும் எழுத்தையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்து மாறினால் உள்ளே சாமான் மாறும். தெரியாமல் வாங்கினால் காசு வீண். கழற்றிய ஒவ்வொன்றையும் வரிசையாகப் பலகையில் அடுக்குங்கள். இந்தக் காலத்தில் கைப்பேசி இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேரிங், சீல், மடக்குத் தகடு மூன்றையும் புதிதாகப் போடுங்கள். ஒன்றோடொன்று சேர்ந்து தேய்ந்த பல் சக்கரங்களில் ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரம் கெடும், ஜோடியாக மாற்றுங்கள். கடைசியாக, பக்கத்தில் ஓர் இளைஞனை நிறுத்திக்கொள்ளுங்கள். "தம்பி, இதைப் பிடி" என்று சொல்லிச் சொல்லித்தான் நமக்கும் இந்தத் தொழில் வந்தது.

ஓட்டுகிற கை

சீரீஸ் 2, 2ஏ வண்டிகளில் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் வேகத்தைச் சமன்படுத்தும் வளையம் கிடையாது. சீரீஸ் 3-இல் தான் நான்கு முன் கியர்களுக்கும் வந்தது. ஆகவே பழைய வண்டியில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க வேண்டுமானால், கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, மிதியை விட்டு, எஞ்சினைச் சற்று முடுக்கி, மறுபடி மிதித்து இரண்டில் போட வேண்டும். பலம் வேண்டாம், பொறுமை வேண்டும். ஏற்றத்தில் எந்தக் கியரில் ஏறுவீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். அந்தக் கியரை உச்சியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கத்தில் விடுவது, ஆட்களின் உயிரைப் பந்தயம் கட்டுவது ஆகும். தார் ரோட்டில் நாலு சக்கர ஓட்டத்தைப் போட்டு ஓட்டாதீர்கள். முன்னும் பின்னும் உள்ள ஆக்ஸில்கள் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு ஷாப்ட்டையும் பல் சக்கரத்தையும் தின்னும். சேற்றுக்கும் மணலுக்கும் உரியது அது.

கைப் பிரேக்கை நம்பி ஏமாறாதீர்கள்

தோழர்களே, இந்தப் பேச்சில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். சீரீஸ் லேண்ட் ரோவரின் கைப் பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்பர் பெட்டியின் பின்னால் இருக்கும் ஒரு டிரம்மைப் பிடிக்கிறது. அதன் மூலம் பின் ஷாப்ட் நிற்கிறது. இதனால் மூன்று அபாயங்கள்.

முதலாவது, அங்குள்ள சீல் ஒழுகினால் எண்ணெய் டிரம்முக்குள் போய்ப் பிரேக் வழுக்கும். இரண்டாவது, பின் ஆக்ஸிலின் ஒரு பக்கத் தண்டு உடைந்தால் கைப் பிரேக்கும் கியரும் சேர்ந்து செயலற்றுப் போகும். மூன்றாவது மிகக் கொடியது. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினால், டிப்ரன்ஷியல் காரணமாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுழல, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருளும். கைப் பிரேக் போட்டிருந்தும் வண்டி ஜாக்கியை விட்டு நகர்ந்துவிடும். அடியில் படுத்திருப்பவன் கதி என்ன?

எனவே சரிவில் நிறுத்தும்போது தாழ் வேகத்துக்கு மாற்றி முதல் கியரில் போடுங்கள். தாழ் வேகத்தில் முன் சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். டிரான்ஸ்பர் பிடி நடுவில் நியூட்ரலில் நின்றால், எந்தக் கியரில் போட்டும் பயனில்லை. எப்படி நிறுத்தினாலும் சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுங்கள். கட்டை கொடுக்காமல் ஒருவரும் அடியில் நுழைய வேண்டாம்.

டிராக்டர்த் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சாம்பல் பெர்குசனில் கியருக்கும் பின் ஆக்ஸிலுக்கும் ஹைட்ராலிக் தூக்கிக்கும் ஒரே எண்ணெய்தான். அழுக்கோ நீரோ போனால் மூன்றும் சேர்ந்து கெடும். அந்த டிராக்டரில் கியர்ப் பிடியைத் தனி இடத்துக்குத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். கியரில் இருக்கும்போது வண்டி கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. கம்பி கட்டி அதைக் குறுக்கு வழியில் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பின்னால் சுழலும் விசைத் தண்டுக்கு மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். கைலியின் ஒரு முனை சிக்கினால் போதும்.

எழுதிக் கொடுங்கள்

வண்டி கெட்டிருக்கிறது என்று டிரைவர் வாயால் சொல்வார். "இன்று ஓட்டு, நாளைக்குப் பார்க்கலாம்" என்று பதில் வரும். விபத்து நடந்தபின் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. பழி டிரைவர் தலையில் விழும். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருங்கள். தேதி, எண்ணெய் மட்டம், கேட்ட சத்தம், யாரிடம் சொன்னீர்கள் என்பதை எழுதுங்கள். ஒரு பிரதியை அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, யந்திரங்களைப் பாதுகாப்பான நிலையில் பராமரிக்கும் கடமையை முதலாளி மேல் வைக்கிறது. 24-ஆவது பிரிவு, தன் பாதுகாப்பையும் பிறர் பாதுகாப்பையும் கவனிக்கும் கடமையைத் தொழிலாளி மேல் வைக்கிறது. 2024 ஜூன் 1-ஆம் தேதி அமலுக்கு வந்த திருத்தத்தில் 26ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்திருக்கிறது. உடனடி அபாயம் இருப்பதாக நியாயமான காரணம் இருந்து, முதலாளிக்குத் தெரிவித்தும் அவர் அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. கியர் கழன்று விழும் வண்டியில் ஆள் ஏற்ற மறுப்பது அடங்காத்தனம் ஆகாது. அது கடமை. அப்படி மறுக்கும் டிரைவர் தனியாக நிற்கக் கூடாது. பின்னால் ஏறுகிறவர்களும் அவரோடு நிற்க வேண்டும்.

தோழர்களே! உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். நாளைக் காலை வண்டியை எடுப்பதற்கு முன்னால் கியர் பெட்டியின் மட்ட ஆணியைத் திறந்து பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. ஒரு ஸ்பானரும் ஒரு துணியும் போதும். எண்ணெய் குறைந்திருந்தால் ஊற்றுங்கள். நிறம் மாறியிருந்தால் மாற்றுங்கள். சில்லு வந்தால் வண்டியை நிறுத்தி எழுதிக் கொடுங்கள்.